மஜ்ஜை மாற்று சிகிச்சை: உங்கள் கேள்விகளுக்கு டாக்டரின் பதில்கள்

எலும்பு மஜ்ஜை மாற்று (ரத்தத்தை உண்டாக்குகிற மஜ்ஜை பழுதானால் நல்ல மஜ்ஜையை, அதாவது அதிலுள்ள ஸ்டெம் செல்களை, ஏற்றுவது) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைகளைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் மகளுக்கு நாலு வயது, தாலசீமியா மேஜர் (நல்ல ரத்தம் ஊறாத பரம்பரை நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். ஒன்பது வயது மகனின் மஜ்ஜை முழுதாகப் பொருந்துகிறது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அவனுக்கும் தாலசீமியா மைனர் இருக்கிறதாம். அவனிடம் எடுக்கலாமா? அவனுக்கு எதுவும் ஆகிவிடாதே? வீட்டுப் பெரியவர்கள், பெண்ணுக்கு எட்டு வயதாகட்டும், உடம்பு தேறட்டும் என்கிறார்கள். (திண்டுக்கல்)

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. ஐயா, காத்திருக்காதீர்கள். வயது கூடினால் உடம்பு தேறும் என்பது மற்ற விஷயங்களில் சரி, தாலசீமியாவில் நேர்மாறாக நடக்கும். ஏற்றுகிற ஒவ்வொரு பை ரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது, அதை வெளியே தள்ள நம் உடம்பில் வழியே கிடையாது. அது ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது. இத்தாலியில் பெசாரோ என்ற ஊரில் லூக்கரெல்லி என்ற மருத்துவரின் குழு நூற்றுக்கணக்கான தாலசீமியா குழந்தைகளுக்கு மஜ்ஜை மாற்று செய்து பார்த்து, சிகிச்சை எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே காட்டுகிற மூன்று விஷயங்களைக் கண்டுபிடித்தது. விலா எலும்புக்குக் கீழே ஈரல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருக்கிறதா, ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா. மூன்றும் சரியாக இருக்கிற குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்து, ரத்தம் ஏற்றும் தேவையே இல்லாமல் வளர்கிறார்கள். நம் ஊரில் என்ன ஆகிறதென்றால், மாத்திரை விலையாலும் கசப்பாலும் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரத்தாலும் மூன்றாவது விஷயம் முதலில் தவறிப்போகிறது, அது தவறினால் மற்ற இரண்டும் தானாகவே பின்னால் வருகின்றன. ஏழு வயதைத் தாண்டி, ஈரலும் ஐந்து சென்டிமீட்டருக்கு வீங்கிய குழந்தைகளை மிக அதிக ஆபத்துப் பிரிவு என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தனியாகவே வகுத்தார்கள். எட்டு வயது வரை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற கணக்கு எந்தப் பிரிவுக்குக் கொண்டுபோய் விடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்று நடக்கும் வரைக்கும், இரும்பை வெளியேற்றும் டெஃபராசிராக்ஸ் மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அளவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள், டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த நோட்டும் கூடவே போகட்டும்.

பையன் விஷயம். மைனர் என்பது நோய் கிடையாது, அந்தப் பழுதை மரபில் சுமப்பது மட்டும்தான். அவன் தாராளமாகக் கொடுக்கலாம், தங்கையும் சிகிச்சைக்குப் பிறகு அவனைப் போலவே மைனராக இருப்பாள், அவ்வளவுதான். எடுப்பது எப்படி என்றால், பையனை மயக்கத்தில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மேடாகத் தெரிகிற எலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார்கள். வெட்டு, தையல் எதுவும் இல்லை. அவனுடைய எடைக்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்கு மேல் போகமாட்டார்கள். மறுநாள் இடுப்பு வலிக்கும், குனிந்து செருப்புப் போட முடியாமல் முனகுவான், சில நாளில் ஓட ஆரம்பித்துவிடுவான். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும். அவனிடம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு நன்றாகவே புரியும். எல்லோரும் தங்கையையே சுற்றி நிற்கும்போது அவன் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பதை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாமல் விட்டுவிடுவது. பெண்ணுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் மாமா, சித்தப்பா, ஏன் நீங்களே கூட பாசத்தோடு கையை நீட்டுவீர்கள். வேண்டாம். நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றினால், அதே குடும்பத்து மஜ்ஜையை எதிர்க்க அவள் உடம்பு முன்கூட்டியே கற்றுக்கொண்டுவிடும். மாமாவும் சித்தப்பாவும் ரத்த வங்கியில் போய் வேறு குழந்தைகளுக்குக் கொடுக்கட்டும், உங்கள் பெண்ணுக்கு வெளியார் ரத்தம் வரட்டும்.

இதெல்லாம் வெளிநாட்டில் செய்கிற சிகிச்சைதானே? இங்கே நம்பிச் செய்யலாமா? (கரூர்)

நம் நாட்டில் முதல் மஜ்ஜை மாற்று 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் தொடங்கினார்கள். இதைக் கண்டறிந்ததற்காக டொனால் தாமஸ் நோபல் பரிசு வாங்கியது 1990-ல்தான், அதற்கு முன்பே இங்கே குழந்தைகள் பிழைத்து வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். கைத்திறனில் குறை கிடையாது. நமக்குள்ள தொல்லை வேறு. நோயாளி எங்களிடம் வரும்போதே, வழியில் பார்த்த மூன்று நான்கு ஆஸ்பத்திரிகளில் வலுவான ஆன்டிபயாடிக் எல்லாம் வாங்கி, எந்த மருந்துக்கும் அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளைக் குடலில் சுமந்துகொண்டு வருகிறார். மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கீமோ மருந்து கொடுத்து, வெள்ளை அணு பூஜ்யத்துக்கு இறங்கும் நாளில் அந்தக் கிருமி ரத்தத்துக்குள் இறங்கும். இங்கே மஜ்ஜை மாற்றில் நாங்கள் இழக்கிறவர்களில் நிறையப் பேரை இப்படித்தான் இழக்கிறோம். அதனால் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது லாபியையும் ஏ.சி. அறையையும் பார்க்காதீர்கள். போன வருடம் எத்தனை மஜ்ஜை மாற்று செய்தீர்கள், என் குழந்தையின் நோய்க்கு எத்தனை, கிருமித் தொற்றில் எத்தனை பேரை இழந்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். நன்றாக நடத்துகிற இடத்தில் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். (திருநெல்வேலி)

அண்ணன் தம்பி, அக்கா தங்கை மஜ்ஜை முழுதாகப் பொருந்தினால் பெரும்பாலான இடங்களில் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். பாதிப் பொருத்தமோ வெளியார் கொடையோ என்றால் இன்னும் கூடும். தாலசீமியா குழந்தை என்றால் கோல் இந்தியா நிறுவனத்தின் தாலசீமியா பால் சேவா யோஜனா 2017-லிருந்து இருக்கிறது, ஒரு குழந்தைக்குப் பத்து லட்சம் வரை தருகிறார்கள். வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும், வேலூர் சி.எம்.சி. அதில் ஒன்று. நம் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்று இருக்கிறது, அங்கீகாரம் உள்ள ஆஸ்பத்திரிதானா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதமர் நிவாரண நிதிக்கும் எழுதலாம். இந்தக் காகித வேலைக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். டாக்டரைப் பார்க்கிற அன்றே அவரையும் பார்த்துவிடுங்கள், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றிலும் ஐந்தாறு நகல் கையில் இருக்கட்டும், பெயரின் இனிஷியல் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். இனிஷியல் மாறியதால் ஒரு குழந்தையின் அனுமதி வாரக்கணக்கில் தள்ளிப்போனதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஆனால் எஸ்டிமேட்டில் எழுதாத செலவுதான் குடும்பங்களைச் சாய்க்கிறது. டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்து வருகிறார்கள். முடியாது. மாற்று நடந்த நாளிலிருந்து 100 நாளாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரும் தூரத்தில் இருக்கவேண்டும். அதற்கு வீட்டு வாடகை, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, நீங்கள் ஆட்டோ ஓட்டாத மாதங்களின் வருமானம், வண்டிக்குக் கட்டவேண்டிய தவணை, ஊரில் விட்டுவந்த இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடம். அப்புறம் மருந்து. எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின் மாதிரி மருந்துகள் பல மாதம் ஓடும், புது மஜ்ஜை உடம்பைத் தாக்க ஆரம்பித்தாலோ சைட்டோமெகலோ வைரஸ் கிளம்பினாலோ செலவு ஒரேயடியாக ஏறும். ஆஸ்பத்திரி சொல்கிற தொகையில் மூன்றில் ஒரு பங்காவது தனியாக ஒதுக்கிவைக்க வழி இருந்தால்தான் தேதி குறியுங்கள். பணம் நடுவழியில் தீர்ந்து மருந்தை நிறுத்துவதைவிட, மூன்று மாதம் தள்ளிப்போட்டு ஏற்பாடு செய்வது எவ்வளவோ மேல். தாலசீமியாவுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன், கடும் ரத்தப் புற்றுநோயில் தள்ளிப்போட நேரம் இருக்காது.

என் தம்பிக்கு 28 வயது, ஏபிளாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்திவிடும் நோய்). நான் அக்கா, எனக்குப் பொருந்தவில்லை. ரத்த குரூப்பும் வேறு. வேறு உடன்பிறப்பு இல்லை. எல்லாம் முடிந்துவிட்டதா? (தஞ்சாவூர்)

இல்லை அம்மா. முதலில், ரத்த குரூப்பை மறந்துவிடுங்கள். மஜ்ஜைப் பொருத்தம் என்பது ஹெச்.எல்.ஏ. என்ற வேறு அடையாளம், குரூப் வேறாக இருந்தாலும் செய்யலாம், செய்த பிறகு நோயாளியின் குரூப்பே கொடுத்தவரின் குரூப்பாக மாறிவிடும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான், உங்களுக்கு அது விழவில்லை, அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. (இப்படி எழுதுகிற அக்காக்களின் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு இருக்கும், அதனால்தான் சொல்கிறேன்.)

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொள்கிறோம் அல்லவா. பரம்பரை நோய்களுக்கு அது கெடுதல், ஆனால் இந்த ஒரு இடத்தில் உதவக்கூடும். உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உறவில் திருமணம் செய்தவர்கள் என்றால் அப்பா, அம்மா, பெரியப்பா பிள்ளைகள் என்று யாருக்காவது முழுதாகப் பொருந்த வாய்ப்பிருக்கிறது. குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்து டாக்டரிடம் கொடுங்கள். வெளியார் கொடையாளி என்றால், சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் தேடுவார்கள். உலகம் முழுக்கப் பதிவு செய்தவர்கள் 4 கோடிக்கும் மேல், ஆனால் அதில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி, இந்தியர்கள் சில லட்சம்தான். ஹெச்.எல்.ஏ. வம்சாவளியோடு ஒட்டிய விஷயம், அதனால் நம்மவர்களுக்கு அந்தப் பட்டியலில் பொருத்தம் கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக, பாதிப் பொருத்தம். அப்பாவோ அம்மாவோ எப்போதும் பாதி பொருந்துவார்கள், நீங்களும் பாதி பொருந்தலாம். ஒரு காலத்தில் இதைச் செய்யப் பயந்தோம். இப்போது மஜ்ஜை ஏற்றிய மூன்றாம் நாளும் நாலாம் நாளும் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, நோயாளியின் உடம்பைத் தாக்கக் கிளம்புகிற செல்களை மட்டும் அடக்கிவிடுகிறார்கள். மிகப் பழைய மருந்து, விலையும் குறைவு, நம்மைப் போன்ற நாடுகளுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. தம்பியின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து, ஏ.டி.ஜி. என்ற மருந்து சிகிச்சையா இதுவா என்று டாக்டர் முடிவு செய்வார். அதுவரை ரத்தமும் பிளேட்லெட்டும் தேவைக்கு மட்டும், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பையாகக் கேட்டு வாங்குங்கள், வீட்டாரிடமிருந்து வேண்டாம்.

அப்பாவுக்கு 58 வயது, மல்டிபிள் மைலோமா (மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்). அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து அவருக்கே போடுவார்களாம். ஃப்ரீஸ் செய்கிற வசதி இல்லாத ஆஸ்பத்திரியில் செய்யலாமா? (ஈரோடு)

செய்யலாம். திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் வசதிக்குச் செலவு அதிகம், அதனால் இந்தியா, மெக்சிகோ போன்ற நாடுகளில் பல மையங்கள் எடுத்த செல்களை 4 டிகிரியில் வைத்து, உடனே மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தைக் கொடுத்து, இரண்டு மூன்று நாளுக்குள் திரும்ப ஏற்றிவிடுகின்றன. மைலோமாவுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. உறையவைத்த செல்லை ஏற்றினால் அதிலுள்ள பாதுகாப்பு ரசாயனத்தால் ஒரு நாள் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும், இதில் அதுவும் இல்லை. ஒரு சின்ன விஷயம்: மெல்ஃபலான் ஏறும்போது அப்பா வாயில் ஐஸ் துண்டுகளை அடக்கிக்கொண்டே இருக்கட்டும், வாய்ப்புண் நன்றாகக் குறையும். நர்ஸ் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

எட்டு மாத கர்ப்பம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி தினமும் போன் வருகிறது. தவணை முறையும் இருக்கிறதாம். (கோவை)

கட்டாதீர்கள். குழந்தைக்குப் பின்னால் தாலசீமியாவோ வேறு பரம்பரை ரத்த நோயோ வந்தால் அந்தக் கொடி ரத்தத்திலும் அதே பழுது இருக்கும், போட்டுப் பயனில்லை. பிற்காலத்தில் தனக்கே உதவும் என்று தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் ஏற்கனவே ரத்த நோயுள்ள மூத்த குழந்தை இருந்தால் மட்டும் கதை வேறு, அதை உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் பேசுங்கள். அந்தத் தவணைப் பணத்துக்குப் பதிலாக தாலசீமியா மைனரா என்று காட்டுகிற ஹெச்.பி.ஏ.2 ரத்தப் பரிசோதனையை நீங்களும் கணவரும் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் முதல் வாரங்களிலோ செய்யவேண்டிய பரிசோதனை அது. ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகள் தாலசீமியா மேஜரோடு நம் நாட்டில் பிறக்கின்றன.

மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி நாலு முறை போட்டால் பேச்சு வரும் என்கிறார்கள். (சேலம்)

வராது அம்மா. இப்படி உங்களிடம் பணம் கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ரத்த நோய்களுக்கு நாங்கள் செய்கிற மஜ்ஜை மாற்றும் இந்த ஊசியும் பெயரில்தான் ஒன்று. நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏற்றுக்கொண்டிருப்பது ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மாற்று சிகிச்சையைத்தான். மற்றவை ஆராய்ச்சி நிலையில் இருக்கின்றன, ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. அந்த லட்சங்களைப் பேச்சுப் பயிற்சிக்கு வையுங்கள்.

அடுத்த வாரம் மகளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வீட்டில் என்ன கவனிக்கவேண்டும்? (விழுப்புரம்)

நல்ல செய்தி. முதலில் மாத்திரை. சைக்ளோஸ்போரின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கிற நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வரவேண்டும், கையில் எடுத்துவந்து ரத்தம் கொடுத்தபிறகு போடவேண்டும். நன்றாகப் படித்தவர்களே பழக்கத்தில் விழுங்கிவிட்டு வருகிறார்கள், அளவு தப்பாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்தால் வம்பு. பம்பளிமாஸ் பழம் கூடாது, அது இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். கஷாயம், லேகியம், பக்கத்து வீட்டார் சொல்கிற பப்பாளி இலைச் சாறு எதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

சாப்பாடு சூடாகச் சமைத்தது, சமைத்த உடனே. தண்ணீர் கொதித்து ஆறியது. குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளாதீர்கள், குழாய் வைத்த பாத்திரமாக வாங்கிவிடுங்கள். வீட்டில் வெள்ளையடிப்பது, சுவரை இடிப்பது, மாட்டுக்கொட்டகையைக் கூட்டுவது எல்லாம் அவள் இருக்கும்போது ஆகாது, அந்தத் தூசியில்தான் பூஞ்சைக் காளான் நுரையீரலுக்குள் போகிறது. பார்க்க வருகிறவர்களை வாசலோடு பேசி அனுப்புங்கள். பாட்டிக்கு நாள்பட்ட இருமல் இருந்தால், மகள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பாட்டிக்குக் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், இதைப் பாட்டி தப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசியின் பலமெல்லாம் போய்விட்டிருக்கும், ஆறு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடவேண்டும், தட்டம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசிகள் குறைந்தது இரண்டு வருடம் கழித்து.

உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தாலோ, தண்ணீராகப் பேதி போனாலோ, கண் மஞ்சளானாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலோ, நள்ளிரவானாலும் போன் செய்யுங்கள். காலை வரை பார்க்கலாம் என்று பாராசிட்டமால் கொடுத்துத் தூங்கவைத்த வீடுகளிலிருந்து குழந்தைகள் மறுநாள் எந்த நிலையில் வந்தார்கள் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

எனக்கு 21 வயது. காலேஜ் முகாமில் ஸ்டெம் செல் தானத்துக்குப் பதிவு செய்யச் சொன்னார்கள். பயமாக இருக்கிறது. (சென்னை)

பதிவு என்பது கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுப்பதுதான். பல வருடம் ஒரு அழைப்பும் வராமலே போகலாம். வந்தால், ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க நாலைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள், எலும்பெல்லாம் காய்ச்சலில் வலிக்கிற மாதிரி வலிக்கும், அப்புறம் ஒரு நாள் பிளேட்லெட் கொடுப்பதுபோல மெஷினோடு நாலைந்து மணி நேரம் படுத்திருப்பீர்கள். ரத்தம் ஒரு கையிலிருந்து மெஷினுக்குப் போய் மறு கையில் திரும்பும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்.

பெயர் கொடுப்பதற்கு முன் வீட்டில் அம்மா அப்பாவிடம் பேசிவிடு தம்பி. சம்மதம் சொன்ன பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் தடுப்பது பெரும்பாலும் வீட்டார்தான். அந்த நேரத்தில் அங்கே நோயாளிக்குக் கீமோ தொடங்கி, அவருடைய சொந்த மஜ்ஜையை முழுக்க அழித்திருப்பார்கள், உன் செல் வராவிட்டால் அவருக்குத் திரும்பிப்போக இடமே இருக்காது. தயக்கம் இருந்தால் முகாமிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிவு செய்தால், போன் நம்பரோ முகவரியோ மாறும்போதெல்லாம் பதிவகத்துக்கு ஒரு தகவல் அனுப்பிவிடு. பொருத்தம் கிடைத்தும் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது, அடிக்கடி.